மைனஸ் 12இல் பிள்ளையை வெளியே விடுகிறார்களே, டொக்டர்?

கேள்வி: நாங்கள் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து ஒன்றரை வருடம். மகனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. தை மாதம் பள்ளிக்கூடம் திறந்த கையோடு அதிபரிடமிருந்து நீளமான ஒரு செய்திமடல் வந்தது. குளிரென்றாலும் இடைவேளைக்குப் பிள்ளைகள் வெளியேதான் போவார்கள், அதற்கேற்ற உடுப்போடு அனுப்புங்கள்; காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்திருங்கள்; பிறகு பேன், கடலை, கார் நிறுத்துமிடம் என்று ஏதேதோ. மகனுக்குக் கார்த்திகையிலிருந்து தடிமன் வருவதும் போவதுமாக இருக்கிறது. போன கிழமை மைனஸ் 12. அன்றும் வெளியே விட்டிருக்கிறார்கள். "பனிக்குள் விட்டால் நெஞ்சில் சளி கட்டும், உள்ளே வைத்திருக்கச் சொல்லி டொக்டரிடம் துண்டு வாங்கு" என்கிறார் என் அம்மா. வாங்கலாமா? மூக்கு ஒழுகும்போது பள்ளிக்கு அனுப்பலாமா? எத்தனை நாள்தான் வேலைக்கு லீவு போடுவது? (ஊசி விபரம் கேட்டும் ஒரு கடிதம் வந்தது. ஊரில் எல்லாம் போட்டாயிற்றுத்தானே என்று அதை எடுத்து வைத்துவிட்டேன்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு வரி, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் அம்மாவின் பயத்தைப் பார்ப்போம்.

தடிமனைத் தருவது குளிர் அல்ல, வைரஸ். அது இன்னொரு பிள்ளையின் மூக்கிலிருந்தும் கையிலிருந்தும் வருகிறது. குளிர்காலத்தில் தடிமன் கூடுவதற்குப் பெரிய காரணம், எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறைக் காற்றை மூச்சுவிடுவது. அப்படிப் பார்த்தால் நாள் முழுவதிலும் உங்கள் மகனுக்குத் தொற்று வாய்ப்பு மிகக் குறைந்த நேரம், அந்த இடைவேளையில் பனிக்குள் ஓடுகிற நேரம்தான். குளிர்காற்று பட்டதும் மூக்கிலிருந்து தண்ணீர் வடியும். அது நோய் அல்ல. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்க மூக்கு படும் பாடு. என் மூக்கும் பஸ் தரிப்பிடத்தில் ஒழுகத்தான் செய்கிறது.

ஆகவே துண்டு தரமாட்டேன். ஒரு விதிவிலக்கு உண்டு. ஆஸ்துமா இருந்து, குளிர்காற்றில் இருமல் இழுப்பு வருகிற பிள்ளை என்றால் கதை வேறு. அப்போதும் நான் எழுதுவது பெரும்பாலும் இன்ஹேலரை எப்போது எடுக்க வேண்டும் என்பதாகத்தான் இருக்கும். உங்கள் மகன் ஓடிவிட்டு வந்தால் இருமுகிறானா, இரவில் இருமி எழும்புகிறானா என்று கவனியுங்கள். அப்படியென்றால் குடும்ப டொக்டரிடம் காட்டுங்கள்.

பள்ளிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ரொறன்ரோ பொதுப் பள்ளிச் சபையில் காற்றோடு சேர்ந்து உணரும் குளிர் மைனஸ் 20ஐத் தாண்டினால் இடைவேளையைச் சுருக்கலாம். மைனஸ் 28 என்றால் பிள்ளைகள் உள்ளேதான். 28 என்ற எண் சும்மா வந்ததல்ல. அந்தக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். காது நுனி, மூக்கு நுனி, விரல்கள்தான் முதலில் போகும். தோல் வெளுத்து, தொட்டால் உணர்வில்லை என்றால் உள்ளே கூட்டி வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். ஊரில் கால் விறைத்தால் தேய்ப்போம். இங்கே தேய்க்கவே கூடாது, தோல் கிழிந்து புண்ணாகும். ஹீட்டரில் நேரே காட்டவும் வேண்டாம். உணர்வில்லாத விரல் சுடுவது தெரியாது.

குளிரைவிட ஈரம்தான் எதிரி. உடம்போடு ஒட்டிய உடுப்பு பருத்தியாக இருந்தால் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு பிள்ளையைக் குளிர வைக்கும். விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கிற கையுறை சூடு. அதில் இரண்டு சோடி அனுப்புங்கள். காலை இடைவேளையில் நனைந்தது மதியத்துக்குக் காயாது. கழுத்துக்கு நீளமான ஸ்கார்ப் வேண்டாம், சறுக்கியிலோ வேலியிலோ மாட்டிக்கொண்டால் ஆபத்து. தலையால் போடுகிற கழுத்துப்பட்டி நல்லது. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். தொலைந்த பொருட்கள் பெட்டியில் கிடப்பதெல்லாம் ஒற்றைக் கையுறைகள்தான்.

சரி, யாரை வீட்டில் வைத்திருப்பது? மூக்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு வருடத்தில் 6 முதல் 8 தடிமன் வருவது வழமை. ஒவ்வொன்றின் இருமலும் இரண்டு கிழமை வரை இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், மார்கழி முதல் பங்குனி வரை அவன் பள்ளிக்கே போக முடியாது. நான் பார்ப்பது மூன்றைத்தான். காய்ச்சல் 38 பாகைக்கு மேலா? சத்தி, வயிற்றோட்டமா? வகுப்பில் இருந்து கவனிக்கத் தெம்பு இருக்கிறதா? காய்ச்சல் என்றால், மருந்து கொடுக்காமலே 24 மணிநேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகு அனுப்புங்கள். சத்தியோ வயிற்றோட்டமோ என்றால் நின்று 48 மணிநேரம். காலையில் மருந்து கொடுத்துக் காய்ச்சலை அடக்கி அனுப்பினால், 11 மணிக்கு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். அதற்குள் பக்கத்துக் கதிரைப் பிள்ளைக்கும் கொடுத்திருப்பான். உங்கள் லீவுப் பிரச்சினை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழி லீவை மிச்சப்படுத்தாது.

மருந்து என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. போன வருடம் ஒரு வீட்டில் தாய் வேலைக்குப் போகுமுன் ரைலனோல் கொடுத்தார். பத்து மணிக்கு அம்மம்மா, ஊரிலிருந்து கொண்டுவந்த பனடோலை உடைத்துக் கொடுத்தார். மாலையில் தகப்பன் கடையில் வாங்கிய தடிமன் மருந்தை ஒரு மூடி ஊற்றினார். மூவரும் அன்பாகத்தான் செய்தார்கள். மூன்றிலும் இருந்தது ஒரே மருந்து! இங்கே அசெட்டமினோபன் என்று எழுதுவார்கள், ஊரில் பரசிட்டமோல். அளவு கூடினால் ஈரல் கெடும். கணக்கு எடையை வைத்து: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணிநேர இடைவெளி, ஒரு நாளில் ஐந்து தடவைக்கு மேல் இல்லை. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 300 மில்லிகிராம். பெரியவர்களின் பனடோல் ஒன்று 500. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்தவர் நேரத்தை எழுதட்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். கடை இருமல் மருந்துகளை 6 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பது கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. 7 வயதுக்கும் அவற்றால் பெரிய பயன் எதையும் நான் கண்டதில்லை.

அம்மம்மாவின் கொத்தமல்லித் தண்ணீர் நல்லது, இளஞ்சூட்டில் தாராளமாகக் கொடுங்கள். இரவில் ஒரு தேக்கரண்டி தேன் இருமலைக் கொஞ்சம் தணிக்கும் (ஒரு வயதுக்குக் கீழே மட்டும் தேன் கூடாது). ஆவி பிடிப்பதை நிறுத்துங்கள். கொதிதண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தடிமனால் அப்படி யாரும் துன்பப்பட்டுப் பார்த்ததில்லை. அன்ரிபயோட்டிக்கும் கேட்காதீர்கள், வைரஸை அது தொடாது.

உடனே காட்ட வேண்டியது இவை: மூச்சுவிடும்போது விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுப்பது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது. இவற்றுக்கு 911. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, காது குத்தினாலோ, குடிக்க மறுத்துச் சலம் போவது குறைந்தாலோ அன்றே டொக்டர். நடுஇரவில் குழப்பமாக இருந்தால் 811ஐ அழையுங்கள். தாதி பேசுவார், காசில்லை, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

இப்போது அந்த அடைப்புக்குறி. ஒன்ராறியோவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான தடுப்பூசிச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பிரிவிடம் உங்கள் மகனின் பதிவு முழுமையாக இல்லையென்றால், 20 பள்ளி நாட்கள் வரை அவனை இடைநிறுத்தலாம். பனியால் அல்ல, இதனால்தான் அவன் வீட்டில் இருக்க நேரும். டொக்டர் போட்ட ஊசி தானாகப் போய்ப் பதிவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, அறிவிப்பது பெற்றோரின் பொறுப்பு.

அப்புறம், "ஊரில் எல்லாம் போட்டாயிற்று" என்பது உண்மைதான், ஆனால் இங்கே அது போதாது. இலங்கையில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்துக்கான ஊசியின் முதல் தடவை 9 மாதத்திலும் இரண்டாவது 3 வயதிலும் போடப்படும். ஒன்ராறியோவில் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது கணக்கில் வராது. அதாவது உங்கள் மகனுக்கு இங்கே ஒன்றுதான் கணக்கு, இன்னொன்று வேண்டும். கொப்பளிப்பானுக்கும் மெனிஞ்சோகொக்கல் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலுக்கும் இங்கே கேட்கிற ஊசிகள் இலங்கையின் இலவசப் பட்டியலில் இல்லை. இலங்கை அட்டவணை மோசமில்லை. அங்கே குழந்தைக்குச் சின்னமுத்து சீக்கிரம் வரும் ஆபத்து இருந்ததால் சீக்கிரம் போட்டார்கள். இது வெறும் தாள் வேலையும் அல்ல. 2024 இலையுதிர் காலத்தில் தொடங்கிய சின்னமுத்துப் பரவல் ஒன்ராறியோவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொற்றியது. 2025 நவம்பரில் கனடா "சின்னமுத்து ஒழிந்த நாடு" என்ற தகுதியையே இழந்தது.

குடும்ப டொக்டரிடம் நேரம் எடுங்கள். அதே தடவையில் ஃப்ளூ (இன்புளுவென்சா) ஊசியையும் கேளுங்கள், தையில் போட்டாலும் பயன் உண்டு. 9 வயதுக்குக் கீழே முதல்முறை என்றால் நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு. போகும்போது ஊரில் தந்த கிளினிக் கார்டை மறக்காமல் கொண்டுபோங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தாலும் பரவாயில்லை, திகதிகள் எண்ணில்தானே இருக்கின்றன.