வயதானவர்களின் தனிமையும் மறதியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

முதியோர் பிரிவு ஒன்றில் ஞாபகப் பரிசோதனைகள் செய்யும் உளவியலாளர் நான். மருத்துவர் இல்லை, அதனால் மாத்திரை கேட்டு வந்த கேள்விகளை விட்டுவிட்டேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அம்மா போன பிறகு அப்பாவை (74) ஊரிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். இப்போது மறதி அதிகம், பேச்சும் குறைந்துவிட்டது. இது தனிமையா, டிமென்ஷியா என்னும் மறதி நோயா?

எழுதியதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நேரில் பார்த்தாலும் முதல் நாளே சொல்லிவிட முடியாது. துக்கம், மனச்சோர்வு, பி12 குறைவு, தைராய்டு குறைவு, தூக்க மாத்திரை, காது மந்தம் எல்லாமே பார்ப்பவர் கண்ணுக்கு மறதியாகத்தான் தெரியும், இவற்றில் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை, காது பரிசோதனை இரண்டையும் முடித்துவிடுங்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். காலமெல்லாம் கணக்கு எழுதியவர் கடையில் சில்லறை எண்ணத் திணறினால், பழகிய தெருவில் வழி தவறினால், கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தால் நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ காட்டுங்கள். இன்னொன்று, நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று குழம்பிப் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அது சிறுநீர்த் தொற்றாகவோ சோடியம் குறைவாகவோ இருக்கலாம்.

ஊர் மாற்றத்தையும் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஊரில் டீக்கடை, கோயில், ரேஷன் கடை என்று எங்கே போனாலும் அவரை நிறுத்திப் பேச ஆள் இருந்திருக்கும். இங்கே மூன்றாவது மாடி, பூட்டிய கதவு, பகலெல்லாம் வேலைக்குப் போய்விடும் மகனும் மருமகளும். அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள். பால் கணக்கு, காய்கறி வாங்குவது, பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது, ஏதோ ஒன்று. வீட்டில் அவரை நம்பி ஒரு வேலை இருக்க வேண்டும், அதுவும் நாலு பேரைப் பார்த்துப் பேச வேண்டிய வேலையாக இருக்க வேண்டும். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்ப்பா, ரெஸ்ட் எடுங்க" என்று பாசத்தோடு சொல்லிச் சொல்லியே நிறையப் பேரை நாம் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறோம்.

கேள்வி: தனிமையால் மறதி வருகிறது என்கிறார்கள். மறதி வந்தவர்கள்தானே முதலில் ஒதுங்கிப் போவார்கள்? காரணத்தையும் விளைவையும் குழப்பிக்கொள்ளவில்லையா?

நல்ல சந்தேகம். இரண்டுமே நடக்கிறது. டிமென்ஷியா வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடும், அந்தக் காலத்திலேயே ஆள் ஒதுங்கலாம். ஆகவே நீண்ட காலம் தொடர்ந்த ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும். பிரிட்டனில் ஒயிட்ஹால் 2 என்று அரசு ஊழியர்களை வைத்து நடக்கும் ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 28 வருடம் கவனித்து 2019-இல் முடிவு வெளியிட்டார்கள். 60 வயதில் நண்பர்களை ஏறக்குறைய தினமும் பார்த்தவர்களுக்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை ஓரிருவரை மட்டும் பார்த்தவர்களைவிட டிமென்ஷியா அபாயம் 12 சதவீதம் குறைவு. நம் வீடுகளில் சொன்னால் சண்டை வரும், ஆனாலும் சொல்கிறேன்: இந்தப் பலன் நண்பர்களைப் பார்ப்பதில் தெரிந்தது, சொந்தக்காரர்களைப் பார்ப்பதில் தெரியவில்லை.

12 சதவீதம் பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம், இது முழு நிரூபணமும் இல்லை. டிமென்ஷியா பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, எல்லாவற்றையும் சரிசெய்தால் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. அதில் சமூகத் தனிமையின் பங்கு 5 சதவீதம், காது கேளாமைக்கு 7 சதவீதம். நாலு பேரோடு பழகினால் டிமென்ஷியா வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு பேர். ஆனாலும் மாமியார் "எனக்கு யாருமில்லை" என்கிறார். நாங்கள் என்ன குறை வைத்தோம்?

குறை வைத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. தனியாக இருப்பதும் தனிமையாக உணர்வதும் வேறு வேறு. சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தனிமை உணர்வு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மிகக் குறைவாக இருந்தவர்களைவிட அல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை) அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மாறவில்லை.

மாமியாருக்குக் காது எப்படி? ஏழு பேர் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் காது மந்தமானவருக்குப் பாதி வார்த்தைதான் போய்ச் சேரும். "என்ன சொன்னே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, விடுங்க" என்று நாம் முடித்துவிடுவோம். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையே நிறுத்திவிடுவார்.

கேள்வி: காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், டப்பாவிலேயே கிடக்கிறது. போட்டால் மறதி குறையுமா?

குறையும் என்று உத்தரவாதம் தர முடியாது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரை வைத்து நடந்த அச்சீவ் ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. காது மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் மூன்று வருடத்தில் மொத்தக் கூட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே அபாயக் காரணிகள் அதிகம் இருந்த பிரிவில் மட்டும் ஞாபகமும் யோசிக்கும் திறனும் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. அதைக் கழித்துவிட்டாலும், பேச்சில் கலந்துகொள்ள முடிவதே போதுமான லாபம்தான்.

டப்பாவில் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிடிவாதம் இல்லை, சரியாகப் பொருத்தாததுதான். முதலில் மிக்ஸி, ஃபேன், பைக் சத்தமெல்லாம் காதில் வந்து அறையும். வாங்கிய இடத்துக்கே திரும்பப் போய் டியூன் செய்யச் சொல்லுங்கள், ஒரு தடவையில் சரியாகாது. தொடக்கத்தில் அமைதியான அறையில் ஒரே ஒருவரோடு பேசும்போது மட்டும் போடட்டும். அதற்கும் முன்னால் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், சிரிக்காதீர்கள்.

கேள்வி: துபாயில் இருக்கிறேன். அம்மாவுக்குத் தினமும் வீடியோ கால் செய்கிறேன். அது போதுமா?

அழைப்பில் என்ன பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "சாப்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, சரி வெச்சிடறேன்" என்றால் அது அட்டெண்டன்ஸ். பிறரோடு அதிகம் பழக வாய்ப்பில்லாத, 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களோடு வாரத்துக்கு நான்கு முறை, அரை மணி நேரம் வீடியோவில் உரையாடிய ஐ-கனெக்ட் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. ஆறு மாதத்தில் ஞாபகப் பரிசோதனை மதிப்பெண்ணில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. பேசியவர்கள் வெறும் நலம் விசாரிக்கவில்லை, யோசித்துப் பதில் சொல்ல வைக்கும் பேச்சாக நடத்தினார்கள். நீங்களும் அம்மாவிடம் எதையாவது கற்றுக்கொள்ளுங்கள். வத்தக்குழம்புக்கு என்ன பக்குவம், பெரியப்பா கல்யாணத்தில் ஏன் சண்டை வந்தது, இந்த மாதிரி. தினமும் இரண்டு நிமிடத்துக்குப் பதில் வாரத்தில் சில நாள் அரை மணி நேரம் பேசுங்கள்.

கேள்வி: சுடோகு, குறுக்கெழுத்து போதாதா? அப்பா கூட்டமே பிடிக்காத ஆள்.

போடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும், அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பேச்சில் எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் சொன்னதை நினைவில் வைக்க வேண்டும், அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், கோபத்தை அடக்கவும் வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில். கூட்டம் தேவையே இல்லை. வாக்கிங்கில் ஒரு கூட்டாளி, கேரம் ஆட ஒரு ஆள், அவ்வளவுதான்.

கேள்வி: பாட்டி நாள் முழுக்க சீரியல் பார்க்கிறார்.

பார்க்கட்டும். கூட உட்கார்ந்து "இவ ஏன் அழுகிறா?" என்று கேளுங்கள்.

கேள்வி: கணவருக்கு அல்சைமர் உறுதியாகிவிட்டது. கல்யாணம் காட்சிக்கு அழைத்துப் போகலாமா? என்னை எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அழைத்துப் போங்கள், ஆனால் முகூர்த்தக் கூட்டமும் நாதஸ்வரமும் மைக்கும் சேர்ந்தால் அவர் மிரண்டுபோகலாம், எனவே முந்தைய நாளோ மறுநாளோ வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. உறவுக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், "என்னை யாருன்னு தெரியுதா?" என்று யாரும் பரீட்சை வைக்கக் கூடாது. "மாமா, நான் உங்க அக்கா பையன்" என்று தாங்களே சொல்லிக்கொண்டு உட்காரட்டும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். உங்களுக்கும் ஆள் வேண்டும். அவரை இரண்டு மணி நேரம் யாராவது பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு நீங்கள் வெளியே போய் வாருங்கள், கவனித்துக்கொள்பவர்கள் தனித்துப்போவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சென்னையில் இருந்தால் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் முதியோருக்காக நடத்தும் டெம்கேர்ஸ் மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சித்தி தனியாக இருக்கிறார், பிள்ளைகள் இல்லை, நாங்கள் வெளியூர். அவசரத்துக்கு யாரிடம் சொல்வது?

முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. மனம் சரியில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். இரண்டையும் சித்தியின் போனில் சேமித்துக் கொடுங்கள். அப்படியே பக்கத்து வீட்டு எண்ணையும், தினமும் பூ கொடுப்பவரின் எண்ணையும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கவில்லை என்றால் முதலில் தெரியப்போவது அவர்களுக்குத்தான்.