எஞ்சின் சூடாக இருந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை தபால் பையைத் திறந்தால் பழைய மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டருமாகவே இருந்தது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிக்கு விலை சொல்லிப் பழகிய வாய்கள் இன்னும் அடங்கவில்லை. ஆகவே மிக்சியும் மெத்தையும் அடுத்த முறைக்கு.

கேள்வி: பல்சர் 150 ஒன்று பார்த்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டுப் பதிவு. 28,000 கிலோமீற்றர்தான் ஓடியது, எஞ்சின் திறக்கவே இல்லை என்கிறார் விற்பவர். பார்வைக்குப் புதிதுபோல் மின்னுகிறது. எனக்கு இயந்திர அறிவு கிடையாது. எதைப் பார்க்க வேண்டும்?
– ஆர்.கே., வெள்ளவத்தை

பதில்: தெரியாது என்று ஒப்புக்கொண்டதே பாதி வேலை. மீதிக்கு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவர் உங்களுக்குத் தெரிந்த பாஸாக இருக்க வேண்டும். விற்பவர் "நம்ம பாஸ் பக்கத்தில்தான் இருக்கிறார், கூப்பிடவா?" என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

போனதும் ஸ்டார்ட் செய்யச் சொல்லாதீர்கள். எஞ்சின் பக்கத்தில் மெதுவாகக் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிவைத்திருக்கிறார். குளிரில் எழும்ப மறுக்கும் எஞ்சினைத்தான் இப்படித் தயார் செய்து வைப்பார்கள். வேறொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள்.

குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது புகைக்குழாயைப் பாருங்கள். தொடக்கத்தில் மெல்லிய வெண்புகை வந்து மறைந்தால் அது ஈரம். நீலம் கலந்த புகை மறையாமல் நின்று, முறுக்கும்போது கூடினால் ஒயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது. கறுப்புப் புகை பெற்றோல் அளவுக்கு மேல் போவதால் வருவது. பெரும்பாலும் கார்புரேற்றரைச் சரிசெய்தால் தீரும், அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

28,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். மீற்றர் பெட்டியையே கழற்றி வேறொன்று மாட்டலாம், பஞ்சிகாவத்தையில் கிடைக்காத உதிரிப்பாகம் எது? கால்மிதி ரப்பர், பிரேக் மிதி, கைப்பிடி, சாவித் துவாரம் ஆகியவற்றில் தேய்மானத்தைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கம்பெனியில் வந்த டயர்களே இன்னும் தடத்தோடு இருந்தால் குறைந்த ஓட்டத்தை ஓரளவு நம்பலாம். ஆனால் அத்தனை பழைய ரப்பரில் ஓடக்கூடாது, புது டயர் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

விழுந்த வண்டியா என்பதைக் கழுத்துதான் சொல்லும். ஹாண்டிலைக் கடைசிவரை திருப்பும்போது தடுக்கும் சிறு இரும்பு முட்டு வளைந்தோ உடைந்தோ இருக்கிறதா? அதைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ற்றோ வெல்டிங்கோ இருக்கிறதா? பெரிய ஸ்டாண்டில் ஏற்றி முன்சில்லைத் தரையிலிருந்து தூக்கி, ஹாண்டிலை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கழுத்துக்குள் இருக்கும் பெயரிங், அதாவது கோன் செட், போய்விட்டது. பின்சில்லைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். செயினைப் பின்பல்சக்கரத்திலிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள், பல்லின் பாதி தெரிந்தால் செயின் செட் மாற்ற வேண்டும். இவை கொஞ்சச் செலவில் முடியும். முட்டு உடைந்து கழுத்தில் வெல்டிங் இருந்தால் விலையே பேச வேண்டாம்.

உங்கள் பக்கத்து வண்டி என்பதால் இன்னொன்று. மரைன் டிரைவ் ஓரம் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியை உப்புக் காற்று கீழிருந்து தின்னும். டேங்க் மூடியைத் திறந்து டோர்ச் அடியுங்கள், பிறகு குனிந்து சைலன்சரின் அடியைப் பாருங்கள். குனியச் சோம்பல்பட்டு நான் ஒருமுறை வாங்கிய ஸ்கூட்டரில், கால் வைக்கும் பலகையைக் கழற்றிய பாஸ் துருத்தூளை ஒரு பத்திரிகைத் தாளில் அள்ளிக் கொடுத்தார்.

கடைசியாக, எஞ்சின் இலக்கத்தையும் சேஸி இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் ராவிய தடமோ, எழுத்துகள் ஏறுமாறாகவோ இருந்தால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குத்தான் நேரம் கிடைக்கிறது. அப்போது பார்த்து வாங்கலாமா?
– தெமட்டகொட வாசகர்

பதில்: கூடாது. மழையிலும் கூடாது. நனைந்த பெயின்ற்றில் ஒரு கீறலும் தெரியாது.

கேள்வி: 2023இல் என் ஸ்கூட்டரை ஒரு விற்பனை நிலையத்தில் கொடுத்து, மேலே பணம் போட்டு வேறொன்று எடுத்தேன். நீட்டிய படிவங்களில் கையெழுத்திட்டேன், அவை நிரப்பப்படாமல் இருந்தன. இப்போது அந்தப் பழைய ஸ்கூட்டர் சிவப்பு விளக்கைத் தாண்டியதாகப் பொலிஸிலிருந்து என் வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது. யாருக்கு விற்றோம் என்று நினைவில்லை என்கிறார்கள் கடையில். கணவர் என்னைத் திட்டுகிறார்.
– பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, கணவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். "இதில் ஒரு கையெழுத்து, மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நாள்தோறும் சொல்லிப் பழகிய கடைக்கு முன்னால் யாராயிருந்தாலும் பேனாவை எடுத்திருப்பார்கள்.

மாற்றிய அன்று தந்த ரசீதைத் தேடுங்கள். அதில் பழைய ஸ்கூட்டரின் இலக்கமும் திகதியும் இருந்தால் அதுவே உங்கள் கவசம். அதன் பிரதியோடு, கடிதம் அனுப்பிய பொலிஸ் பிரிவுக்குப் போய், அந்தத் திகதியிலிருந்து வண்டி உங்களிடம் இல்லை என்று எழுத்தில் முறையிடுங்கள். பிறகு நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். விற்றவர் கொடுக்க வேண்டிய அறிவித்தல் எம்.டி.ஏ. 8 படிவம். தாமதமாகிவிட்டது என்று கொடுக்காமல் விடாதீர்கள். கடைக்கு, வாங்கியவர் விவரம் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பதில் வராவிட்டாலும் அனுப்பிய துண்டு உங்களிடம் இருக்கும்.

இனி மற்றவர்களுக்கு. இந்த "ஓபன் பேப்பர்" வழக்கத்தைப் போல் என் இரத்தத்தைக் கொதிக்க வைப்பது வேறொன்றில்லை. வண்டி கைமாறினால் பதிவிலுள்ள உரிமையாளர் 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்ற எம்.டி.ஏ. 6 கொடுக்க வேண்டும். நடப்பது என்ன? விற்பவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டு, அடையாள அட்டைப் பிரதி ஒன்றையும் இணைத்துக் கொடுக்கிறார். அந்தக் காகிதக் கட்டு வண்டியோடு நான்கைந்து கை மாறுகிறது. ஒவ்வொருவரும் மாற்றக் கட்டணத்தையும் ஒரு நாள் அலைச்சலையும் மிச்சம் பிடிக்கிறார்கள். இத்தனைக்கும் அந்தக் கட்டணம் ஒரு சோடி டயர் விலைக்குக் கூட வராது.

மிச்சம் பிடித்ததன் விலையை யாரோ கட்டுகிறார்கள். 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது, தங்கள் வண்டி இலக்கத்தை முன்பின் தெரியாத ஒருவர் ஏற்கெனவே பதிந்துவிட்டதாகப் புலம்பி எனக்கு எழுதியவர்கள் இந்தக் கூட்டம்தான். 2024 ஜனவரி முதல் கொழும்பு நகரில் கமராவைப் பார்த்தும் பொலிஸார் வழக்கு எழுதுகிறார்கள். கமராவுக்குத் தெரிவது இலக்கத் தகடு. தகட்டுக்குத் தெரிவது பதிவிலுள்ள பெயர். சிவப்பு விளக்கோடு போனால் அபராதம், ஆளை இடித்துவிட்டு ஓடியிருந்தால்? முதல் உரிமையாளர் காலமாகிவிட்டால் அவருடைய பழைய கையெழுத்தை வைத்துக்கொண்டு பெயர் மாற்றவும் வழியில்லை, வாரிசுகளின் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஆகவே வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்தே திணைக்களத்துக்குப் போங்கள். வர நேரமில்லை என்பவரிடம் வாங்க உங்களுக்கும் நேரமில்லை.

கேள்வி: அப்பாச்சி மோட்டார் சைக்கிள் ஒன்று சந்தை விலைக்கு 60,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. ஓபன் பேப்பர், மூன்றாவது கை. முதல் உரிமையாளர் கனடாவில். சும்மா ஓட்டத்தானே, பிரச்சினை வருமா?
– எம்.எஸ்., மட்டக்குளி

பதில்: மேலே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். கனடாவுக்குப் பஸ் இல்லை.

கேள்வி: லீசிங் கட்டி முடித்தாயிற்று, புத்தகம் அடுத்த வாரம் வரும் என்கிறார் விற்பவர். முழுப் பணத்தையும் இன்று கேட்கிறார்.
– வத்தளை வாசகர்

பதில்: பணமும் அடுத்த வாரம்.

கேள்வி: வெல்லம்பிட்டியில் ஒரு டியோ ஸ்கூட்டர் மிக மலிவு. வெள்ளத்தில் நின்றதோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– எஃப்.என்., கொலன்னாவ

பதில்: சரியான சந்தேகம். 2016 மேயிலும் 2025 நவம்பரிலும் களனி கங்கை பெருகியபோது உங்கள் பகுதியில் நீரில் நின்ற வண்டிகளுக்குக் கணக்கில்லை. கழுவிப் பொலிஷ் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. கழுவ முடியாத இடங்களைப் பாருங்கள். முன்விளக்கின் உள்ளே ஆவி படிந்த கோடு, காற்று வடிகட்டிப் பெட்டியின் மூலையில் வண்டல், வயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சணம் போன்ற களிம்பு. ஸ்கூட்டர் என்பதால் இடப்பக்க பெல்ட் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள், சேறு அங்கேதான் தங்கும். ஒயில் பாற்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

வெள்ளத்தில் நின்றது என்று தானாகவே சொல்லி, செய்த வேலைக்குப் பற்றுச்சீட்டும் காட்டுபவரிடம் நான் வாங்குவேன். மறைப்பவரிடம் பாதி விலைக்கும் வாங்கமாட்டேன்.

கேள்வி: என் பழைய வண்டிக்கு வெளியில் 330,000 ரூபாய்க்கு மேல் யாரும் கேட்கவில்லை. விற்பனை நிலையத்தில் மாற்றுக்கு 380,000 தருகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்தானே?
– ஜே., பம்பலப்பிட்டி

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு கொடுங்கள். அவர்களிடம் நீங்கள் எடுக்கும் வண்டி 720,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதே மாடல், அதே ஆண்டு வெளியில் 650,000க்குக் கிடைப்பதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடையில் கையிலிருந்து போவது 340,000. வெளியில் விற்று வெளியில் வாங்கினால் 320,000. அவர்கள் கூட்டித் தந்த 50,000 உங்கள் பணம்தான், அதற்கு மேலும் 20,000 எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வண்டிகளின் பெயர் மாற்றத்தையும் உங்கள் கண்முன்னே முடித்துத் தருவதாக எழுதிக் கொடுத்தால் அந்த 20,000 தகும். இல்லாவிட்டால் தகாது.

கேள்வி: இணைய விளம்பரத்தில் படம் பார்த்து, வேறு யாரும் எடுத்துவிடக்கூடாது என்று 50,000 முற்பணம் வங்கியில் போட்டேன். இப்போது தொலைபேசி எடுக்கவில்லை. நுகர்வோர் அதிகார சபைக்குப் போகலாமா?
– கிராண்ட்பாஸ் வாசகர்

பதில்: வண்டியைத் தொட்டும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை. என்ன அவசரம் தம்பி? முதலில் வங்கிக்கும் பொலிஸுக்கும் இன்றே போங்கள், பணம் போட்ட துண்டும் குறுஞ்செய்திகளும் கையில் இருக்கட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வியாபாரிகள் மீதான முறைப்பாடுகளுக்கானது. கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், விசாரிக்க 1977. முகம் தெரியாத திருடனுக்கு அது பொருந்தாது.

கேள்வி: அப்பாவுக்குப் பழைய ஹொண்டா சி.டி. 125 மேல் தீராத ஆசை. வாங்கிக் கொடுக்கலாமா?
– ஷா., வெள்ளவத்தை

பதில்: ஓட்டவா, துடைத்து வைக்கவா என்று அப்பாவிடம் கேளுங்கள். நான் வாங்கியதைப் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போனேன். எஞ்சின் ஒரு வண்டியினது, டேங்க் இன்னொன்றினது, விற்றவரோ "ஒரிஜினல்" என்று நெஞ்சில் கை வைத்தார். துடைத்து வைக்கத்தான் என்றால் எஞ்சின் சத்தத்தைவிடப் புத்தகத்திலுள்ள இலக்கங்களுக்கு முதலிடம் கொடுங்கள். தினமும் கடைக்குப் போய்வர என்றால் உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும் ஒன்றைக் கொடுங்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், பிறகு பழகிவிடுவார்.

கேள்வி: திரும்ப விற்க எந்த நிறம் நல்லது?
– மருதானை வாசகர்

பதில்: பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் நிறம்.