பாக்டீரியாவையும் டி செல்களையும் சேர்த்துக் கொடுத்தால் புற்றுநோய் திரும்பி வராதா?

பாக்டீரியாவால் கட்டியை அழித்து, கூடவே டி செல்களையும் (நோயுற்ற செல்களைத் தேடி அழிக்கும் வெள்ளை ரத்த அணுக்கள்) செலுத்தினால் நோய் மீண்டும் வராது என்ற செய்தி உண்மையா, இச்சிகிச்சை இப்போது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கருத்து வலுவானது, ஆனால் அதற்கான சான்று பெரும்பாலும் எலிகளிடமிருந்தே வந்திருக்கிறது.

வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் போதிய அளவு செல்வதில்லை. மருந்துகளும் டி செல்களும் நுழையத் திணறும் அந்த இடம், ஆக்சிஜன் இல்லாத சூழலில் பெருகும் கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாவுக்கு வசதியானது. 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நச்சு மரபணு நீக்கிய கிளாஸ்ட்ரிடியம் நோவி பாக்டீரியாவின் வித்துகளை (அதன் உறக்கநிலை வடிவம்) எலிகளுக்குச் செலுத்தியபோது கட்டியின் நடுப்பகுதி அழிந்தது. ரத்த ஓட்டமுள்ள விளிம்போ தப்பித்தது. நோய் திரும்பத் தலைதூக்குவது அங்கிருந்துதான். அதனால்தான் அவர்கள் கீமோதெரபியையும் சேர்த்தார்கள். அதே விளிம்பை, ரத்தத்தின் வழியே வந்து சேரும் டி செல்களிடம் ஒப்படைப்பதே நீங்கள் படித்த யோசனை.

டி செல்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு. குறிவைத்த புரதத்தை உதறிவிட்ட புற்றுநோய் செல்கள் அவற்றின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. ரத்தப் புற்றுநோயில், மரபணு மாற்றிய டி செல்களைச் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புவதற்கு இது முக்கியமான காரணம். 2023இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் இதற்கு அழகான ஒரு வழி கண்டார்கள்: கட்டிக்குள் குடியேறும் ஈ. கோலை பாக்டீரியாவே ஒரு செயற்கைப் புரதத்தை வெளியிட்டுக் கட்டித் திசுவில் ஒட்டவைக்க, கார்-டி செல்கள் அதை இலக்காகக் கொண்டு தாக்கின. அதுவும் எலிகளில்தான்.

எலியில் வென்றது மனிதரில் தோற்கலாம் என்பதற்கு 2002இல் வெளியான ஆய்வே சாட்சி. வீரியம் குறைத்த சால்மோனெல்லாவை, பரவிய மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) உள்ளவர்களுக்குச் செலுத்தியபோது ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு: கார்-டி செலுத்துவதற்கு முன் வழக்கமாக மருந்து கொடுத்து நோயெதிர்ப்பு செல்களைக் குறைக்கிறார்கள், அந்த நிலையில் உள்ளவருக்கு உயிருள்ள பாக்டீரியாவைக் கொடுப்பது எளிதான முடிவல்ல.

சிறுநீர்ப்பையின் மேலோட்டமான புற்றுநோய்க்காகக் கேட்கிறீர்கள் என்றால் நிலைமை வேறு. அது திரும்பாமலிருக்க, காசநோய்த் தடுப்பூசியில் உள்ள பிசிஜி பாக்டீரியாவைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் முறை 1976 முதல் அறியப்பட்டது, இன்றும் வழக்கமான சிகிச்சை. அங்கே நோயாளியின் சொந்த டி செல்களும் அந்த வேலையில் பங்கெடுக்கின்றன. மற்றக் கட்டிகளுக்கு இந்த இரட்டைச் சிகிச்சையை முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே யாராவது பணம் கேட்டு முன்வைத்தால், ஒப்புக்கொள்ளாதீர்கள்.