தானாகத் திறக்கும் டிக்கி கதவை வெளிக்கடையில் பொருத்தலாமா?

கேள்வி: புதிதாக எஸ்.யூ.வி. ஒன்று வாங்கவிருக்கிறோம். என் மனைவிக்குத் தோள்மூட்டு வலி இருப்பதால், பொத்தானை அழுத்தினால் தானாகத் திறந்து மூடும் டிக்கி கதவு வேண்டும். அது உயர்ந்த வேரியண்டில்தான் வருகிறது. குறைந்த வேரியண்டை வாங்கி, அந்த வசதியைத் தஞ்சாவூரில் வெளிக்கடையில் பொருத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது? எது நல்லது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: சாதாரணக் கதவைத் தாங்குபவை வாயு அடைத்த இரண்டு தண்டுகள். தானியங்கிக் கதவில் பெரும்பாலும் அவற்றின் இடத்தில் சிறு மோட்டார், பற்சக்கரம், திருகுத்தண்டு, சுருள்வில் ஆகியவை அடங்கிய குழாய்கள் இருக்கும். கதவின் எடையில் பெரும்பங்கை வில் சுமக்க, மோட்டார் திருகைச் சுழற்றித் தண்டை நீட்டவும் சுருக்கவும் செய்கிறது. மோட்டாரின் சுழற்சியைச் சென்சார் எண்ணிக்கொண்டே இருப்பதால், கதவு எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியும். இடையில் எதுவும் தடுத்து வேகம் குறைந்தால் கதவு நின்றுவிடும் அல்லது திரும்பிப்போகும். கடைசியில், பூட்டில் உள்ள தனி மோட்டார் கதவை உள்ளே இழுத்து இறுக்கும்.

வாங்குவதற்கு முன் தடையை உணரும் இந்தத் திறனைச் சோதித்தே ஆக வேண்டும். கையை வைக்காமல், கனமான துணிச் சுருள் ஒன்றைக் கதவு மூடும் இடத்தில் நடுவிலும் ஓரத்திலும் பிடித்துப் பாருங்கள். துணியை நசுக்கிக்கொண்டே மூடும் கதவு, பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டுக்கு ஆகாது.

வெளிக்கடைப் பொருத்தத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வயரிங். கூரையிலிருந்து கதவுக்குச் செல்லும் ரப்பர் உறைக்குள் வயரை வெட்டி, டேப் சுற்றி ஒட்டியிருந்தால், வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் இணைப்புகள் பச்சை பிடிக்கும். வண்டியின் மின்சுற்றில் பின்னால் கோளாறு வந்தால், வெளிவேலையைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடும். எனவே வயரை வெட்டாமல் சாக்கெட்டில் செருகும் வகையா, பூட்டை இழுக்கும் மோட்டாரும் உண்டா என்று கேளுங்கள். வாரண்டி பாதிக்கப்படாது என்று சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த யோசனையை விட்டுவிடுவதே நல்லது.

உயர்ந்த வேரியண்டுக்கு, விலை வித்தியாசத்தோடு வாழ்நாள் வரியும் காப்பீட்டுப் பிரீமியமும் கூடும். ஆனாலும் தோள்வலி தினசரித் தொல்லையாக இருந்து, பணமும் இடம்கொடுத்தால், கம்பெனியில் பொருத்தி வருவதையே எடுக்கச் சொல்வேன்.

எதை வாங்கினாலும், அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய பின் பூட்டு வாயில் சேரும் பதரைத் துடைத்துவிடுங்கள். அது அடைத்தால் கதவு மூடியும் மீண்டும் திறக்கக்கூடும். பம்பருக்குக் கீழே காலை நீட்டினால் திறக்கும் வகையானால், கழுவும்போது கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்கச் சாவியை வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். பேட்டரி மாற்றியபின் கதவு பொத்தானுக்கு இணங்காவிட்டால், பல வண்டிகளில் கையால் ஒருமுறை முழுவதும் மூடினால் சரியாகிவிடும்.

ஜி.எஸ்.டி. பில்லைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். குறைபாட்டைக் கடை சரிசெய்ய மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கடை தஞ்சாவூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் திருவாரூர் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை.