மருத்துவமனைக்குத் தலைவர்: டாக்டரா, எம்.பி.ஏ.வா?

கேள்வி: எங்கள் ஊரில் 80 படுக்கைகள் கொண்ட அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றை நடத்துகிறோம். தொடங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட பெரிய டாக்டர் வயது காரணமாக விலகுகிறார். அடுத்தது யார் என்பதில் அறங்காவலர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறோம். எங்களிடமே பல வருடமாக இருக்கும் மூத்த சர்ஜனைப் பொறுப்பில் வைக்கலாம் என்கிறார்கள் சிலர். டாக்டருக்கு வைத்தியம்தான் தெரியும், கணக்கு வழக்கு தெரியாது, சென்னையில் பெரிய மருத்துவமனையில் நிர்வாகம் பார்த்த எம்.பி.ஏ. ஒருவர் வரத் தயாராக இருக்கிறார், அவரை எடுக்கலாம் என்கிறார்கள் மற்றவர்கள். எது சரி, ஐயா?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைமை நாற்காலியில் ஒரு டாக்டர் இருக்கட்டும். அந்த எம்.பி.ஏ.வையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் சர்ஜன்தான் அந்த டாக்டரா என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். நான் டாக்டர் இல்லை. மருத்துவமனை நிர்வாகம்தான் என் பிழைப்பு. அதனால் இதை இனப் பாசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கு வழக்கைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். டாக்டர் தலைமை வகிப்பதில் கிடைக்கிற பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் யாரை அட்மிட் செய்வது, எந்த ஆன்டிபயாடிக் போடுவது, ஸ்கேன் தேவையா, சிசேரியனா சுகப்பிரசவமா, எந்த நாளில் டிஸ்சார்ஜ் என்பதையெல்லாம் முடிவு செய்வது டாக்டர்கள். செலவும் சரி, நோயாளிக்கு நடக்கும் நல்லது கெட்டதும் சரி, பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகின்றன. இதில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் யாராவது ஒருவர் அந்த டாக்டரின் அறைக்குப் போய்க் கேட்க வேண்டும். நிர்வாகி போய்க் கேட்டால் என்ன பதில் வரும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். "இது கிளினிக்கல் டிசிஷன், சார்." அதோடு பேச்சு முடிந்துவிடும். இன்னொரு டாக்டர் போய்க் கேட்டால் கேஸ் ஷீட்டைத் திறந்து வைத்துப் பேசியாக வேண்டும். டாக்டரைத் தலைவராக்குவதில் கிடைக்கும் முதல் லாபம் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்தக் கையோடு கண் அறுவை சிகிச்சையைக் கற்று, ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தவர். அங்கே அவர் கொண்டுவந்த முறை அன்றைக்கு எந்த டாக்டரையும் முகம் சுளிக்க வைத்திருக்கும். தியேட்டரில் மேஜைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைத் தயாராக வைத்திருப்பார்கள். முதல் ஆளை முடித்த சர்ஜன் அப்படியே திரும்பி அடுத்தவருக்குத் தொடங்குவார். பார்வைப் பரிசோதனை தொடங்கி தியேட்டர் உதவி வரை, அதுவரை டாக்டர் நேரத்தைத் தின்றுகொண்டிருந்த பல வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் செய்தார்கள். இந்த யோசனையை ஒரு நிர்வாகப் பட்டதாரி கொண்டுவந்திருந்தால், "எங்களை ஃபேக்டரி ஆட்கள் ஆக்கப் பார்க்கிறார்" என்று முதல் கூட்டத்திலேயே எழுந்து போயிருப்பார்கள். தானே மேஜை முன் உட்கார்ந்து செய்கிற ஒருவர் சொன்னதால் கேட்டார்கள்.

ஆனால் அரவிந்த் கதையில் பலர் சொல்ல மறந்துவிடும் பாதி ஒன்று உண்டு. கட்டிடத்தையும் பணத்தையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய தம்பி ஜி. சீனிவாசன், ஒரு சிவில் இன்ஜினியர். நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தியவர் ஐ.ஐ.எம். கல்கத்தாவில் படித்த ஆர்.டி. துளசிராஜ். இரண்டு பேருமே டாக்டர் இல்லை. ஆக டாக்டர் தலைமை என்பது டாக்டரின் தனி ஆட்சி என்று நினைத்தால், அரவிந்தையே தப்பாகப் படித்ததாகும்.

அமெரிக்காவில் மயோ கிளினிக்கும் அப்படித்தான். தலைமையில் டாக்டர்தான் இருப்பார். ஆனால் கீழே துறை மட்டம் வரைக்கும் ஒரு டாக்டரும் ஒரு நிர்வாகியும் ஜோடியாகப் பொறுப்பேற்பார்கள். கிளீவ்லாந்து கிளினிக்கை 1921-இல் 4 டாக்டர்கள் தொடங்கினார்கள். அங்கே டாக்டர்களுக்கு மாதச் சம்பளம்தான், எத்தனை ஆபரேஷன் செய்தாலும் அதற்கென்று தனிக் காசு கிடையாது. ஒப்பந்தமும் வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது. 2004-இலிருந்து 2017 வரை தலைமை வகித்த டோபி காஸ்குரோவ் இதய அறுவை நிபுணர். அவர் காலத்தில் மருத்துவம், அறுவை என்று பிரிந்திருந்த துறைகளைக் கலைத்து, இதயம், நரம்பு என்று நோயாளியின் உறுப்பை வைத்துத் திரும்ப அடுக்கினார்கள். சர்ஜன்களின் சாம்ராஜ்யங்களைக் கலைக்கத் துணிய வேண்டுமென்றால், கலைக்கிறவரும் சர்ஜனாக இருப்பது வசதி.

எதிர்ப் பக்கம் பிரிட்டனில் இருக்கிறது. 1983-இல் சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த ராய் கிரிஃபித்ஸிடம் தேசிய சுகாதாரச் சேவையை ஆராயச் சொன்னார்கள். யார் பொறுப்பு என்றே தெரியவில்லை, எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற நிலை மாற வேண்டும் என்று அவர் எழுதினார். அதன் பிறகு பொது மேலாளர்கள் வந்தார்கள். டாக்டர்களையும் நிர்வாகத்துக்குள் இழுத்துக்கொள்ளுங்கள் என்றும் அவர் எழுதியிருந்தார். அந்தப் பகுதி அவ்வளவாக நடக்கவில்லை. பிற்பாடு ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில், இலக்குகளையும் நிதிநிலையையும் பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகத்தின் கண் முன்னாலேயே நோயாளிகள் மோசமான கவனிப்பில் அவதிப்பட்டார்கள். அதை விசாரித்து 2013-இல் வெளியான பிரான்சிஸ் அறிக்கை மேலாளர்களை மட்டும் குறை சொல்லவில்லை. அங்கிருந்த மூத்த டாக்டர்கள் நிர்வாகத்திலிருந்து ஒதுங்கி நின்றதையும் சுட்டியது. டாக்டர்கள் ஒதுங்கி நிற்கிற இடம் தானாகவே எக்செல் ஷீட்டிடம் போய்விடுகிறது.

ஆராய்ச்சி ஏதாவது உண்டா என்று உங்கள் கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். ஆமண்டா குட்டால் என்ற ஆய்வாளர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. புற்றுநோய், செரிமான நோய், இதய நோய் ஆகிய ஒவ்வொன்றிலும் அமெரிக்கத் தரவரிசையில் முன்னணியில் இருந்த மருத்துவமனைகளை அவர் எடுத்துக்கொண்டார். டாக்டர் தலைமை வகித்த இடங்களில் தர மதிப்பெண் சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. கூட்டத்தில் இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: டாக்டர் வந்ததால்தான் தரம் உயர்ந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. நல்ல மருத்துவமனைகள் டாக்டரைத் தேர்ந்தெடுக்கின்றன என்றும் அதைப் படிக்கலாம். அத்தோடு அவை எல்லாம் பெரிய மருத்துவமனைகள். உங்கள் 80 படுக்கைக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

டாக்டர் தேவைப்படாத இடமும் உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் தலைமையில் இருப்பவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1994-இல் உருவான அந்த அமைப்பு அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குகிறது, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்பிப் பரிசோதிக்கிறது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து அதன் ஒதுக்கீட்டுக்குள் மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்து எடுத்துக்கொண்ட முறை அது. கொள்முதலுக்கு டாக்டர் தலைமை வேண்டியதில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

சரி, உங்கள் சர்ஜனுக்கு வருவோம். கை நன்றாக இருக்கிறது, மூத்தவர், ஊரில் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் அவரை உட்கார வைத்தால், ஒரு நல்ல சர்ஜனையும் இழப்பீர்கள், ஒரு தலைவரும் கிடைக்க மாட்டார். நமது அரசு மருத்துவக் கல்லூரிகளில் டீன் பதவி சீனியாரிட்டியைப் பார்த்து வருவது. அந்த முறையில் அருமையான டீன்களும் வந்திருக்கிறார்கள், ஓய்வு பெறும் தேதியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தவர்களும் வந்திருக்கிறார்கள். உங்களுக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

அவரிடம் நேராகக் கேளுங்கள்: ஆபரேஷனைக் குறைத்துக்கொள்ளத் தயாரா? உங்கள் அளவு மருத்துவமனையில் தலைவர் வாரத்தில் மூன்று நாளாவது தியேட்டருக்கும் ஓ.பி.க்கும் வெளியே இருக்க வேண்டும். முழுவதுமாக நிறுத்தச் சொல்லவில்லை. ரவுண்ட்ஸே போகாத டாக்டரின் பேச்சை மற்ற டாக்டர்கள் சீக்கிரமே கேட்பதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஆபரேஷன் கணக்கில் அவருக்குப் பங்கு போகிற வரைக்கும் அவர் தியேட்டரிலேயேதான் இருப்பார். அதனால் வருமான இழப்பை ஈடுகட்டும் மாதச் சம்பளமாக முதலிலேயே பேசி முடியுங்கள். தன் துறைக்கே புது லேப்ராஸ்கோப் வாங்கிக்கொள்கிற சபலமும் அதில் குறையும்.

அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். உங்களிடம் முழு நேர அனஸ்தீசியா டாக்டர், அதாவது ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர், இருக்கிறாரா? பல டிரஸ்டிகள் யோசிக்காத ஆள் அவர். எந்த சர்ஜனின் கை எப்படி, யார் தாமதமாக வருகிறார்கள், ஐ.சி.யு.வில் என்ன நடக்கிறது, கருவிகளை ஒழுங்காக ஸ்டெரிலைஸ் செய்கிறார்களா என்று எல்லாம் அவருக்குத் தெரியும். தனக்கென்று ஓ.பி. கூட்டம் கிடையாது, அதனால் எந்தத் துறையோடும் போட்டியும் கிடையாது. குழந்தை மருத்துவர்களிலும் பொது மருத்துவர்களிலும் இப்படி ஆட்கள் கிடைப்பார்கள். யாரை எடுத்தாலும், நர்சிங் சூப்பரின்டெண்டிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் செய்தால் அந்த டாக்டர் எப்படிப் பேசுவார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், கட். நோயாளியை அனுப்பியவருக்கும் ஸ்கேன் எழுதியவருக்கும் கமிஷன் போவது பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் அதைத் தடை செய்கின்றன, மீறினால் மாநில மருத்துவக் கவுன்சிலில் டாக்டரின் பதிவுக்கே ஆபத்து. எம்.பி.ஏ. படித்தவருக்கு அப்படி இழக்க ஒரு பதிவு கிடையாது. உங்கள் தலைவர் டாக்டராக இருந்தால், கட் கொடுத்தாவது படுக்கையை நிரப்புங்கள் என்று எந்த டிரஸ்டி சொன்னாலும், "என் ரெஜிஸ்ட்ரேஷன் போய்விடும்" என்று மறுக்க அவருக்கு உறுதியான ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் மருத்துவமனையையும் சேர்த்துத்தான் காப்பாற்றும்.

அப்புறம், யாருக்கு எது என்பதை நியமன உத்தரவிலேயே எழுதுங்கள். எந்த டாக்டர் எந்த ஆபரேஷன் செய்யலாம், மாதாந்திர மரண ஆய்வுக் கூட்டம், ஆன்டிபயாடிக் கொள்கை, தொற்றுக் கட்டுப்பாடு, டியூட்டி ரோஸ்டர், டாக்டர் மீது வரும் புகார் எல்லாம் டாக்டர் தலைவரிடம். பில்லிங், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் முன் அனுமதியும் க்ளெய்மும், ஸ்டோர்ஸ், ஊழியர் சம்பளம், லைசென்ஸ் புதுப்பிப்பு, மருத்துவக் கழிவு எல்லாம் நிர்வாகியிடம், இதில் டாக்டர் தலையிடக் கூடாது. பட்ஜெட், புது மெஷின், கன்சல்டன்ட்டுகளின் சம்பளம் மூன்றுக்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் டிரஸ்ட் கூடி முடிவு சொல்ல வேண்டும். பதவிக் காலம் மூன்று வருடம், பிறகு பார்த்துப் புதுப்பிக்கலாம்.

இதில் பெரிய இடைஞ்சல் டிரஸ்டிகள்தான் என்பது என் அனுபவம், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு நர்ஸோ டாக்டரோ நேராக உங்களுக்கு ஃபோன் செய்து புகார் சொன்னால், "டாக்டரிடம் சொல்லுங்கள்" என்று வைத்துவிட வேண்டும். இரண்டு முறை காது கொடுத்துவிட்டால் மூன்றாவது மாதத்தில் உங்கள் தலைவர் வெறும் பெயர்ப்பலகைதான்.

டாக்டருக்குக் கணக்கு தெரியாது என்ற கவலைக்கு வழி இருக்கிறது. பகுதி நேரமாகப் படிக்கக்கூடிய மருத்துவமனை நிர்வாகப் படிப்புகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஒன்றில் சேர்த்துக் கட்டணத்தை டிரஸ்ட் கட்டட்டும். அது முடிகிறவரை மாதக் கணக்கை அந்த எம்.பி.ஏ. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கட்டும். பேலன்ஸ் ஷீட்டைப் படிக்க ஒரு டாக்டருக்கு ஓரிரு வருடம் போதும். தியேட்டரில் நின்று பெற்ற மரியாதையை எம்.பி.ஏ.வுக்கு எந்தப் படிப்பிலும் தர முடியாது.

அந்த எம்.பி.ஏ.விடம் அறிவிப்புக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். இரண்டாம் இடம் என்று நோட்டீஸ் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அவர் திரும்பச் சென்னைக்கே போய்விடுவார். பதவிப் பெயர், சம்பளம், தனி அதிகாரம் மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். டாக்டரும் அவரும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, கடந்த மூன்று மாத மரணப் பதிவேட்டையும் வரவு செலவையும் சேர்த்துப் பார்க்கட்டும். அந்த ஒரு நாளில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.