நமீபியாவைப் படத்தில் படிக்க, வறண்ட ஆற்றிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நான் பள்ளியில் புவியியல் ஆசிரியை. பாலைவன நிலத்தோற்றங்கள் பாடத்துக்கு நமீபியாவைச் செயற்கைக்கோள் படங்களில் காட்ட நினைக்கிறேன். கூகுள் எர்த்தைத் திறந்தால் எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கிறது. மேடா பள்ளமா என்றுகூடப் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது, எந்தப் படத்தைப் பயன்படுத்துவது?

பதில்: நமீபியா சுமார் 8.25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. முழு நாட்டையும் ஒரே திரையில் வைத்தால் யாருக்கும் பழுப்புதான் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. கூகுள் எர்த்தில் முதலில் வருவது, பல தேதிகளில் எடுத்த படங்களை மேகமில்லாமல் ஒட்டிச் சேர்த்த பரப்பு. அதில் பருவம் தெரியாது. பாலைவனத்தில் பருவம் தெரியாவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

அதனால் கோப்பர்னிகஸ் பிரவுசர் என்ற இலவசத் தளத்துக்குப் போங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை அங்கே தேதி வாரியாகப் பார்க்கலாம். தேடல் பெட்டியில் -23.56, 15.04 என்று கொடுங்கள். கோபாபெப் என்ற பாலைவன ஆய்வு நிலையம் இருக்கும் இடம் அது. குய்செப் ஆற்றின் கரை.

நமீபியாவை எடுத்தால் நான் எப்போதும் இந்த ஆற்றில்தான் தொடங்குவேன். ஆற்றுக்குத் தெற்கே மணல்மேடுகள் அலை அலையாக வந்து நிற்கும். வடக்கே ஒரு மேடுகூட இல்லாத சரளைச் சமவெளி. நடுவில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு, அதுதான் குய்செப். வருடத்தில் பெரும்பாலான நாள் தண்ணீரே ஓடாத ஆறு இது. ஆனால் மேற்கே கடலை நோக்கிச் சரியும் அதன் படுகையில், கிழக்கு மலைநிலத்தில் பெய்த மழை எப்போதாவது வெள்ளமாக வரும். காற்று வடக்கே தள்ளிக்கொண்டு வந்த மணலை அந்த வெள்ளம் வாரிக்கொண்டு போய்விடும். சில நாள் ஓடும் தண்ணீர், ஒரு மணற்கடலுக்கே எல்லை போட்டு வைத்திருக்கிறது. மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது.

அங்கேயே வண்ணச் சேர்க்கையை ‘ஃபால்ஸ் கலர்’ என்று மாற்றுங்கள். உயிருள்ள தாவரம் சிவப்பாகத் தெரியும். வறண்ட படுகை நெடுக மெல்லிய சிவப்புக் கோடு ஓடுவதைப் பார்ப்பீர்கள். நிலத்தடி நீரில் வேர்விட்டு நிற்கும் மரங்கள் அவை. அந்த நீரையும் மரங்களையும் நம்பித்தான் டோப்னார் மக்கள் இந்தக் கரையில் வாழ்கிறார்கள். ஓபன்டோபோமேப் போன்ற வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். உயரக் கோடுகளும் ஊர்ப் பெயர்களும் அதில் கிடைக்கும். படம் காட்டுவதற்கு வரைபடம் பெயர் சொல்லும்.

அப்புறம் தெற்கே மணற்கடலுக்குள் நகருங்கள். கடற்கரைப் பக்கம் மணல் வெளிறியிருக்கும். உள்ளே போகப் போகச் சிவக்கும். மணிகளின்மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. இந்த மணலில் பெரும்பகுதி, தென் எல்லையில் ஓடும் ஆரஞ்சு ஆறு கடலில் கொண்டுபோய்க் கொட்டியது. கடல் நீரோட்டம் அதை வடக்கே தள்ளியது, காற்று கரையேற்றியது. மேடுகளின் உருவமும் மாறும்: கரையோரம் பிறை வடிவங்கள், நடுவில் வடக்கு தெற்காக நீளும் வரிசைகள், கிழக்கில் நட்சத்திரம்போல் கிளை விரித்த மேடுகள். அந்தக் கிழக்குப் பகுதியில் வெள்ளைத் திட்டாகத் தெரியும் களிமண் தரைதான் சோசுஸ்ஃப்ளை. சௌச்சாப் ஆறு கடலை எட்ட முடியாமல் அங்கே முடிந்துபோகிறது.

மேடு பள்ளக் குழப்பத்துக்கு வருகிறேன். இந்தச் செயற்கைக்கோள்கள் முற்பகலில் கடக்கின்றன. இந்தியப் படங்களில் அந்த நேரத்துச் சூரியன் பெரும்பாலும் தென்கிழக்கில் இருக்கும், நிழல் வடமேற்கில் விழும். நமீபியாவில் ஜூன், ஜூலையில் சூரியன் வடகிழக்கில் இருப்பதால் நிழல் தென்மேற்கில் விழும். வெளிச்சம் வரும் பக்கத்தைத் தவறாக எடுத்துக்கொண்டால் மேடு பள்ளமாகத் தோன்றும். அதனால் படத்தைப் பார்க்கும் முன் சூரியன் எந்தப் பக்கம் என்று மாணவர்களைக் கேட்டுவிடுங்கள். நில உருவத்துக்கு ஜூன், ஜூலைப் படங்களை எடுங்கள், நிழல் நீளமாக இருக்கும். பயிற்சிக்கு பிராண்ட்பெர்க் நல்ல இடம். மேலிருந்து வட்டமான எரிமலைப் பள்ளம்போலத் தோன்றும். உண்மையில் அது கிரானைட் மலை. அதன் உச்சி 2,573 மீட்டர், நாட்டிலேயே உயரமான இடம்.

தண்ணீருக்கு ஜூன் உதவாது. மழைக்காலம் முடியும் மார்ச், ஏப்ரல் படங்கள் வேண்டும். வடக்கே எட்டோஷா உப்புத்தளத்தை நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் திறந்து, 2011 ஏப்ரலையும் 2019 ஏப்ரலையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவது கனமழை ஆண்டு, இரண்டாவது கடும் வறட்சி ஆண்டு. சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தளம் என்பதால் மாற்றம் பளிச்சென்று தெரியும். அதே வேர்ல்ட்வியூவில் கடற்கரையைக் காலைப் படத்திலும் பிற்பகல் படத்திலும் ஒப்பிட்டால், குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் உருவாகும் தாழ்மேகம் பின்வாங்குவதையும் பல நாட்களில் பிடிக்கலாம்.

ஒரு வரம்பை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். நமீப் பாலைவனத்தின் கிழக்கு ஓரப் புல்வெளிகளில், நடுவில் புல் முளைக்காத ‘தேவதை வளையங்கள்’ ஏராளம். பல வளையங்கள் அந்த ஒரு புள்ளியைவிடச் சிறியவை, அதனால் தனித்தனியாகத் தெரியாது. அவற்றுக்கு மட்டும் கூகுள் எர்த்துக்குத் திரும்புங்கள். அங்குள்ள இன்னும் நுணுக்கமான படங்களில் அம்மைத் தழும்புபோலத் தெரியும். காரணம் கரையானா, தண்ணீருக்குப் புற்களே போட்டுக்கொள்ளும் போட்டியா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இரண்டு தரப்பையும் வகுப்பில் சொல்லுங்கள். வளையங்களுக்கு இடையிலான தூரத்தை அளவுகோல் கருவியால் மாணவர்களே அளந்து, சீராக இருக்கிறதா என்று பார்க்கட்டும்.