சித்தப்பா மகன் ஒப்புக்கொள்ளாவிட்டால் கம்பெனி விதியை மாற்ற முடியாதா?

(கும்பகோணத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கம்பெனி செகரட்டரியாக இருக்கும் நம் ஆலோசகர் இந்த இதழில் நான்கு கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார். கேட்டவர்கள் விருப்பப்படி பெயர்களை வெளியிடவில்லை.)

கேள்வி: அண்ணன், நான், சித்தப்பா மகன் மூன்று பேரும் சேர்ந்து 2021-இல் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தோம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி வாங்கி விற்கிறோம். பங்கு அண்ணனுக்கு 40, எனக்கு 35, தம்பிக்கு 25 சதவீதம். அவலும் சத்துமாவும் போடலாம் என்று மெஷினுக்குக் கடன் கேட்டோம். வங்கியில் மெமோரண்டத்தைப் புரட்டிவிட்டு, "இதில் வியாபாரம்தான் இருக்கிறது, உற்பத்தி இல்லையே, மூலதனமும் 1 லட்சம்தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, மாற்றிவிடலாம் என்றால் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். ஆபீஸையும் தஞ்சாவூருக்கு மாற்ற வேண்டும். அவன் சம்மதம் இல்லாமல் இதெல்லாம் முடியுமா ஐயா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முடியும் அம்மா, மயிரிழையில் முடியும். எப்படி என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் கம்பெனியின் இரண்டு புத்தகங்களையும் எடுத்து மேஜையில் வையுங்கள். நீங்கள் இதுவரை படித்திருக்க மாட்டீர்கள். யாருமே படிப்பதில்லை, ஆடிட்டர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

மெமோரண்டம் என்பது பட்டா மாதிரி. பெயர் என்ன, எந்த மாநிலம், என்ன தொழில், பங்குதாரரின் பொறுப்பு எவ்வளவு, மூலதனம் எவ்வளவு என்று கம்பெனியின் எல்லையைச் சொல்வது. ஆர்டிகிள்ஸ் என்பது வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஏற்பாடு மாதிரி. எல்லைக்குள்ளே யாருக்கு எப்போது என்ன உரிமை என்று சொல்வது. உங்களுக்கு இடிப்பது மெமோரண்டத்தில், தொழிலைச் சொல்லும் பகுதி.

அந்தப் பகுதியை அலட்சியமாக நினைக்காதீர்கள். 1955-இல் யுனைடெட் இந்தியா லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனி, பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்ச ரூபாய் நன்கொடை கொடுத்தது. அடுத்த வருடம் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி எல்.ஐ.சி. வந்தது, பணத்தைத் திருப்பிக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மெமோரண்டத்தில் இடம் இல்லாத காரியத்தைப் பங்குதாரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டாலும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் லட்சுமணசாமி முதலியார் அந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களில் ஒருவர். வழக்கே அவர் பெயரில்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய மனிதர்களுக்கே நடந்திருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், சுவாமிமலையில் ஐம்பொன் சிலை செய்கிற ஒரு குடும்பத்துக்குக் கம்பெனி பதிவு செய்து கொடுத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் நாகப்பட்டினத்தில் மீன்வலைக் கம்பெனி ஒன்றுக்கு எழுதியிருந்தேன். அந்தத் தாளையே முன்னால் வைத்து டைப் அடிக்கச் சொன்னேன். விளைவு, நடராஜர் வார்க்கிற கம்பெனியின் மெமோரண்டத்தில் "வலை பின்னுதல், பழுது பார்த்தல்" என்றும் ஒரு வரி. வங்கி மேலாளர்தான் கண்டுபிடித்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, வேறு காரணத்துக்காக. திருத்தம் பதிவு செய்ய ராத்திரி திருவள்ளுவர் பஸ் பிடித்துச் சென்னை போய், ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருந்த கம்பெனிப் பதிவாளர் ஆபீஸில் வரிசையில் நின்றேன். இப்போது எல்லாம் ஆன்லைன்; ஆனால் பழைய தாளைப் பார்த்துக் காப்பி அடிக்கும் பழக்கம் மட்டும் ஊரில் போகவில்லை. உங்கள் மெமோரண்டத்தில் "நெல், அரிசி வாங்கி விற்றல்" என்று ஒற்றை வரி இருப்பதும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

இனி வாக்குக் கணக்கு. மெமோரண்டத்தில் தொழிலை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆதரவு வாக்கு, எதிர்ப்பு வாக்கைப் போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். உங்கள் இருவருக்கும் சேர்த்து 75, தம்பிக்கு 25. மூன்று மடங்கு சரியாக வந்துவிட்டது, தீர்மானம் நிறைவேறும். கால் பங்கு கையில் இருந்தால் தடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், உங்கள் தம்பியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. தடுக்க வேண்டுமானால் 25-க்கு மேல் ஒரு பங்காவது வேண்டும்.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. கூட்டத்தில் கை தூக்கி வாக்களித்தால் தலைக்கு ஒரு வாக்குதான். தம்பி நேரில் வந்து கை தூக்கினால் இரண்டுக்கு ஒன்று, தீர்மானம் தோற்றுப்போகும். அதனால் பங்குக் கணக்கில் வாக்கெடுப்பு வேண்டும் என்று நீங்களோ அண்ணனோ கேட்டுவிட வேண்டும். பத்தில் ஒரு பங்கு வாக்கு உள்ளவர் கேட்டாலே நடத்தியாக வேண்டும். தம்பி வராமல் பிராக்ஸியாக ஆள் அனுப்பினால், அந்த ஆளுக்குக் கை தூக்கும் உரிமை கிடையாது, பங்குக் கணக்கில்தான் வாக்கு. ஆர்டிகிள்ஸில் "இதையெல்லாம் மாற்ற மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும்" என்பது போல ஏதாவது வரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் மேலே சொன்ன கணக்கு எடுபடாது.

நோட்டீஸ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். முழுசாக 21 நாள் அவகாசம் வேண்டும்; நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது. குறைந்த நாளில் கூட்டலாம்தான், அதற்கு 95 சதவீதப் பங்குக்காரர் சம்மதம் வேண்டும், அதாவது தம்பியின் கையெழுத்து. ஆகவே தபாலிலும் ஈமெயிலிலும் அனுப்பி, கூட்டத்தை 25 நாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எதற்காக மாற்றுகிறோம் என்ற விளக்கக் குறிப்பையும் நோட்டீஸோடு சேருங்கள்.

தீர்மானம் நிறைவேறிய 30 நாளுக்குள் எம்.ஜி.டி.14 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனிப் பதிவாளர் பதிவு செய்தால்தான் மாற்றம் செல்லும். அதற்குள் அவல் மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மூலதனத்தை 1 லட்சத்திலிருந்து உயர்த்துவது இதைவிடச் சுலபம். ஆர்டிகிள்ஸில் அனுமதி இருந்தால் சாதாரணப் பெரும்பான்மை போதும், எஸ்.எச்.7 படிவம், அதற்கும் 30 நாள். இங்கே உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தம்பிக்கு அவல் மேல் கோபம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூலதனத்தை 10 லட்சமாக்கி, புதுப் பங்கு முழுவதையும் நீங்களும் அண்ணனும் போட்டுக்கொண்டால், 10 ரூபாய்ப் பங்கு ஒரு லட்சத்தில் அவருடையது 2,500 மட்டும். 25 சதவீதம் இரண்டரையாகிவிடும். பயம் அதுதான். புதுப் பங்கை முதலில் அவரவர் விகிதத்தில் மூன்று பேருக்கும் எழுத்தில் தர முன்வர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கடிதம் போவதற்கு முன்னால் போனில் நீங்களே சொல்லிப் பாருங்கள். மீறி அமுக்கினால் அவர் சென்னையில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் போகலாம். உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் இருந்தாலே மனுப் போடலாம், உங்கள் கம்பெனியிலோ மூன்றில் ஒருவர் அவர்.

ஆபீஸ் மாற்றத்துக்கு மெமோரண்டத்தைத் தொடவே வேண்டாம். அதில் தமிழ்நாடு என்று மாநிலம் மட்டும்தான் இருக்கும். ஊர் எல்லை தாண்டுவதால் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதை இதே கூட்டத்தில் சேர்த்துவிடலாம், ஐ.என்.சி.22 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு ஊரும் சென்னைப் பதிவாளரின் கீழ்தான், வேறு அனுமதி தேவையில்லை. ஜி.எஸ்.டி.யில் 15 நாளுக்குள் முகவரி மாற்றுங்கள். தஞ்சாவூரில் மாட்டும் போர்டில் கம்பெனிப் பெயரும் முகவரியும் தமிழிலும் இருக்க வேண்டும். இது தமிழ் ஆர்வலர்கள் கேட்டு வந்ததல்ல, கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறது: ஊரில் புழங்கும் எழுத்தில் எழுத வேண்டும் என்று.

கேள்வி: திருவையாற்றில் அசோகா அல்வா போட்டு விற்கிறேன். நான் ஒருத்தன்தான். ஒருநபர் கம்பெனி பதிவு செய்தால் மதிப்பு கூடும் என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், திருவையாறு

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. பதிவு செய்வது சுலபம், ஸ்பைஸ் பிளஸ் என்று ஒரே விண்ணப்பம்; 15 லட்சம் வரை மூலதனத்துக்கு மத்திய அரசுப் பதிவுக் கட்டணமும் கிடையாது, முத்திரைத் தீர்வை மட்டும் தனி. ஆனால் பதிவுக்கு அப்புறம்தான் செலவு ஆரம்பம். ஒரு கிலோ அல்வா விற்காவிட்டாலும் வருடா வருடம் ஆடிட் உண்டு, ஆண்டுக் கணக்கும் அறிக்கையும் தாக்கல் உண்டு. தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். வெளியாள் பணம் போட வரும்போதோ, பெரிய கடன் வாங்கி வீட்டுக்கு ஆபத்து வரக் கூடாது என்று நினைக்கும்போதோ வாருங்கள். அதுவரை உணவு உரிமமும் ஒழுங்கான கணக்கு நோட்டும் போதும். மதிப்பு அல்வாவில் இருக்கட்டும்.

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை. கம்பெனியின் பெயரை மாற்றினால் பழைய பெயரில் உள்ள கடனும் வர வேண்டிய பாக்கியும் என்ன ஆகும்?
– ஒரு வாசகர், நாச்சியார்கோவில்

பதில்: ஒன்றும் ஆகாது. கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாறினால் மனுஷி மாறிவிடுகிறாளா? நம் ஊரிலேயே இருக்கிறதே உதாரணம். 1904-இல் கும்பகோணம் பேங்க் என்று பதிவானது, 1965-இல் சிட்டி ஃபார்வர்டு பேங்க், யூனியன் பேங்க் இரண்டையும் சேர்த்துக்கொண்டு கும்பகோணம் சிட்டி யூனியன் பேங்க் ஆனது, 1987-இல் ஊர்ப் பெயரை விட்டுச் சிட்டி யூனியன் பேங்க் ஆயிற்று. எந்தப் பெயர் மாற்றத்தாலும் யாருடைய டெபாசிட்டும் காணாமல் போகவில்லை.

புதுப் பெயரை முதலில் ஒதுக்கி வாங்கி, சிறப்புத் தீர்மானம் போட்டு, ஐ.என்.சி.24 தாக்கல் செய்து, புதுச் சான்றிதழ் வந்த நாளிலிருந்துதான் புதுப் பெயர். ஆண்டு அறிக்கை பாக்கி வைத்திருந்தால் பெயர் மாற்ற விட மாட்டார்கள், அதை முதலில் தாக்கல் செய்து முடியுங்கள். இரண்டு வருடம் வரை போர்டிலும் பில்லிலும் பழைய பெயரையும் சேர்த்துப் போட வேண்டும்.

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய நெல் போடும் 12 பேர் சேர்ந்திருக்கிறோம். அதில் ஒருவருக்கு 20 ஏக்கர், மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு. பிரைவேட் லிமிடெட்டா, உழவர் உற்பத்தியாளர் கம்பெனியா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: உற்பத்தியாளர் கம்பெனிதான். குறைந்தது 10 உற்பத்தியாளர் வேண்டும், உங்களிடம் 12 பேர் இருக்கிறீர்கள். இயக்குநர்கள் குறைந்தது ஐந்து பேர். பிரைவேட் லிமிடெட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வாக்கில் இருக்கிறது. அங்கே பங்குக்கு வாக்கு. இங்கே எத்தனை பங்கு வைத்திருந்தாலும், எத்தனை ஏக்கர் உழுதாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. அந்த 20 ஏக்கர்காரரிடம் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர் சரி என்ற பிறகு பெயர் தேடலாம்.